ரயில் யாருடையது? புதுச்சேரி, காரைக்கால் பாதைகளின் கதை

புதுச்சேரி ரயில் நிலையத்தில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கடலோரம்தான். வடக்கே சென்னைக்குப் போகவேண்டுமானாலும், தெற்கே கடலூருக்குப் போகவேண்டுமானாலும் ரயில் முதலில் மேற்கே விழுப்புரம் போய்த் திரும்பியாக வேண்டும். சாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் 22 கிலோமீட்டர்தான். ரயிலில் விழுப்புரம் சுற்றிப் போனால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இந்தக் கோணல் ஏன் வந்தது என்று பாகூர் பக்கத்து விவசாயிகள் கேட்பதுண்டு. பதில் 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. அந்தப் பாதை ஊர் சுற்றுவதற்காகப் போட்டதல்ல. மல்லாட்டை மூட்டையைக் கப்பலுக்குக் கொண்டுபோவதற்காகப் போட்டது.

வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் வழியாக விழுப்புரம் போகும் அந்த 38 கிலோமீட்டர் பாதை 1879 டிசம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. ஒரே தண்டவாளம், ஒரே வண்டி. ஆனால் சொந்தக்காரர் ஒருவர் அல்ல. விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சு எல்லை வரை உள்ள பகுதி ஆங்கிலேயர் ஆட்சியில், தென்னிந்திய ரயில்வேயின் கணக்கில் இருந்தது. எல்லையிலிருந்து புதுச்சேரி வரை, அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய 3-ல் 1 பங்கு, 'பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி' என்ற தனிக் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி பிரெஞ்சு அரசிடம் உரிமை பெற்றுப் பாதை போட்டது. ஆனால் கம்பெனி இருந்ததோ லண்டனில். பிரெஞ்சு மண்ணில், ஆங்கிலேயப் பங்குதாரர்களின் பணத்தில், தமிழ்க் கூலியாட்கள் மண் அணைத்துப் போட்ட பாதை என்று சொன்னால் முழுக் கதையும் அடங்கிவிடும்.

இதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி பக்கத்து விளைச்சல் மாட்டு வண்டியில்தான் கடற்கரைக்கு வந்தது. மழைக்காலத்தில் வண்டித்தடம் சேறாகிவிட்டால் வண்டி நகராது. வண்டிச் சத்தம் கொடுத்து, வழியில் மாடு அவிழ்த்துக் கட்டி, மூட்டைக்குக் காவல் இருந்து கொண்டுவர வேண்டும். 1876-78 பெரும் பஞ்சத்தில் மாடுகள் ஏராளமாகச் செத்தன. வண்டி இழுக்க மாடு இல்லாத ஊருக்குத் தானியம் போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்தது. அந்தப் பஞ்சம் முடிந்த கையோடுதான் தென்னாட்டில் ரயில் பாதைகள் வேகமாகப் பெருகின. புதுச்சேரிப் பாதையும் அந்த வரிசையில் வந்ததே.

மல்லாட்டையும் மார்செய்யும்

தென்னாற்காடு மாவட்டத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பது பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று என்பார்கள். செம்மண் மேட்டு நிலத்தில் மானாவாரியாக வரும் பயிர், ரொக்கமாகக் காசு தரும் பயிர் என்பதால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கம்பு, கேழ்வரகு நிலங்களில் இது வேகமாகப் பரவியது. வாங்கும் இடம் பிரான்சின் மார்செய் துறைமுக நகரம். அங்குள்ள ஆலைகள் கடலை எண்ணெயைச் சோப்புக்கும் சமையலுக்கும் ஆட்டி எடுத்தன. புதுச்சேரியில் பிரெஞ்சு வியாபார நிறுவனங்கள் இருந்தன. பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தன. ஆகவே ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் விளைந்த கடலை, எல்லை தாண்டி பிரெஞ்சுத் துறைக்கு வந்து கப்பலேறியது.

புதுச்சேரியில் ஆழமான துறைமுகம் இல்லை. கப்பல் தள்ளி நங்கூரமிடும். 1866-ல் திறந்த இரும்புப் பாலத்திலிருந்தும் கரையிலிருந்தும் படகில் மூட்டை ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பாலம் 1952 புயலில் விழுந்தது. கடற்கரைச் சாலைப் பக்கம் கடலுக்குள் நிற்கும் பழைய தூண்களை இன்றும் பார்க்கலாம்.

ரயில் வந்ததால் விவசாயிக்கு லாபமா என்றால், ஓரளவு ஆம். வண்டிச் செலவு குறைந்தது. விழுப்புரத்திலும் பண்ருட்டியிலும் வியாபாரிகள் கூடினார்கள். ஆனால் விலையை மார்செய் வைத்தது. முன்பணம் கொடுத்த தரகர் அறுவடைக்கு முன்பே மூட்டையைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார். தரத்திலும் நம்மவர்கள் கோட்டை விட்டார்கள். கையால் தோலுரிக்கச் சுலபம் என்பதற்காகக் காயைத் தண்ணீர் தெளித்து நனைத்து உடைத்தார்கள். ஈரப் பருப்பு கப்பலின் அடித்தளத்தில் வாரக்கணக்கில் கிடந்து புழுங்கி, சிக்கு வாடை ஏறிவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து தோலோடு போன கடலைக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் நம் கரையிலிருந்து போன பருப்புக்கு மார்செய்யில் மதிப்புக் குறைந்தது. இன்றைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் விலை. பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சாணம் பிடிக்கும் என்பதை வாசகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1890-களில் கடலைச் சாகுபடியே படுத்துவிட்டது. ஒரே விதையைத் திரும்பத் திரும்பப் போட்டதால் விதை வீரியம் இழந்தது. இலைப்புள்ளி நோயும் சேர்ந்தது. பரப்பு சுருங்கியது. ரயிலில் ஏற்ற மூட்டை இல்லை. பிறகு மொரீஷியஸ் என்றும் மொசாம்பிக் என்றும் பெயர் சொல்லி வந்த வெளிநாட்டு விதை பரவிய பின்புதான் பயிர் மீண்டது. 1905-ல் கடலூரை அடுத்த பாலூரில் ஆராய்ச்சிப் பண்ணை வந்ததற்கும் கடலையே காரணம். இன்று நாம் போடும் 'டி.எம்.வி.' ரகங்களின் பெயரில் திண்டிவனம் இருப்பதும் இந்தத் தொடர்ச்சியில்தான். ரயில் பாதை வரலாற்றில் விதை எங்கே வந்தது என்று தோன்றலாம். ஏற்றுவதற்குச் சரக்கு இல்லாவிட்டால் பாதைக்கு வருமானம் இல்லை. வருமானம் இல்லாத பாதையின் சொந்தக்காரருக்குப் பேச வாய் இல்லை.

வாரத்துக்கு விட்ட பாதை

பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி பெயரளவில் தனிக் கம்பெனி. ஆனால் அதன் பாதையில் வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. இன்ஜின், பெட்டி, ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு எல்லாம் அவர்களுடையது. இதை விவசாயிக்கு விளக்குவது சுலபம். நிலம் ஒருவருடையது, ஏர் மாடும் ஆளும் இன்னொருவருடையது. விளைந்ததில் உழுதவர் தம் வாரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். அக்காலக் கிளைப் பாதைகளுக்கெல்லாம் பொதுவாக இந்த ஏற்பாடுதான். ஓட்டும் கம்பெனி மொத்த வசூலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி பாதைக்காரருக்கு.

வார சாகுபடியில் என்ன சிக்கல் வருமோ அதுவே இங்கும் வந்தது. எப்போது உழுவது, எந்த வயலை முதலில் அறுப்பது என்று மாடு வைத்திருப்பவர்தான் முடிவு செய்வார். எத்தனை வேகன் எந்த ஸ்டேஷனுக்கு, எத்தனை மணிக்கு வண்டி, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் திருச்சிராப்பள்ளியில் இருந்த தென்னிந்திய ரயில்வே தலைமையகத்தின் கையில் இருந்தது. விழுப்புரத்தில் தென்னிந்திய ரயில்வே வண்டியோடு இணைந்தால்தான் புதுச்சேரி வண்டிக்குப் பிழைப்பு. பிரதான பாதை மீட்டர் கேஜ், ஆகவே இதுவும் மீட்டர் கேஜ். தனியாகப் பிரிந்து போய் எதுவும் செய்ய வழியில்லை. அந்தக் கம்பெனியின் சுதந்திரம் ஷேர் பத்திரத்தில் மட்டும் இருந்தது என்று சொல்வது மிகையல்ல.

(இன்று பல உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சொந்தமாகக் கிட்டங்கி கட்டி, நடத்துவதை வெளியாரிடம் விடுகின்றன. ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையை மட்டும் பார்க்காமல், யார் சரக்கு முதலில் உள்ளே போகும், கட்டணத்தை யார் மாற்றலாம் என்ற வரிகளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.)

எல்லையின் தொந்தரவு வேறு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிற வண்டி என்பதால் சுங்கச் சோதனை இருந்தது. புதுச்சேரி எல்லை நேர்க்கோடு அல்ல. ஒரு வயல் பிரெஞ்சுக்காரருடையது, அடுத்த வயல் ஆங்கிலேயருடையது என்று திட்டுத்திட்டாக இருக்கும். அண்ணன் ஓர் ஆட்சியிலும் தம்பி இன்னோர் ஆட்சியிலும் தீர்வை கட்டிய குடும்பங்கள் உண்டு. மாட்டு வண்டியில் வரப்பு தாண்டினால் யாருக்கும் தெரியாது. ரயிலில் வந்தால் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். 1941-ல் இரு ஆட்சிகளுக்கும் இடையே சுங்க ஒப்பந்தம் வந்து தொல்லை கொஞ்சம் தணிந்தது. இந்தியா விடுதலை பெற்ற பிறகு, 1949-ல் அந்த ஒப்பந்தம் முடிந்து சோதனை முன்னைவிடக் கடுமையாயிற்று.

காலணா வரியில் வந்த ரயில்

காரைக்கால் கதை இதைவிடச் சுவையானது. அதைப் புரிந்துகொள்ள முதலில் தஞ்சாவூருக்குப் போக வேண்டும்.

1878-ல் தஞ்சாவூர் மாவட்டத்தின் ஸ்தல நிர்வாகத்தார் ஒரு முடிவெடுத்தார்கள். நிலத்தின் மீது ஏற்கெனவே இருந்த சாலை வரியோடு, ரூபாய்க்கு 3 பைசா, அதாவது அன்றைய காலணா, ரயில் போடுவதற்கென்று கூடுதலாக வசூலிப்பது என்பது அந்த முடிவு. அன்றைய கணக்கில் 12 பைசா ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். 20 ரூபாய்க்கு மதிப்பிட்ட நிலம் வைத்திருந்தவர் ஆண்டுக்கு 5 அணா கூடுதலாகக் கட்டியிருப்பார். ஓராண்டுக்கு அது பெரிய தொகை அல்ல. ஆனால் ரயிலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே 15 ஆண்டுகளுக்கு மேல் கட்டினார்கள். கட்டத் தொடங்கியவர்களில் எத்தனையோ பேர் அந்த ரயிலில் ஏறாமலே போயிருப்பார்கள்.

1894 ஏப்ரல் 2 அன்று மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை வண்டி ஓடியது. இந்தியாவிலேயே ஒரு ஜில்லா போர்டு தன் பணத்தில் போட்ட முதல் ரயில் பாதை இது. அதில் வந்த வருமானத்தையும் வரியையும் கொண்டு பட்டுக்கோட்டைக்கும், 1903 இறுதியில் அறந்தாங்கிக்கும் நீட்டினார்கள். 1915-ல் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குக் கிளை போட்டார்கள். தஞ்சையைப் பார்த்து மற்ற ஜில்லா போர்டுகளும் இறங்கின. பெஜவாடா–மசூலிப்பட்டினம் பாதை 1908-ல் கிருஷ்ணா ஜில்லா போர்டுடையது. போத்தனூர்–பொள்ளாச்சி 1915-ல் கோயம்புத்தூர் போர்டுடையது. திருநெல்வேலி–திருச்செந்தூர் 1923-ல் வந்தது.

இந்தத் தஞ்சாவூர்ப் பாதையில் ஒரு ஸ்டேஷன் பேரளம். அங்கிருந்து கிழக்கே அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 1898 மார்ச் 14 அன்று ஒரு கிளை திறந்தார்கள். நீளம் சுமார் 23 கிலோமீட்டர். இதைப் போட்டது கம்பெனி அல்ல, பிரெஞ்சு இந்திய அரசு. ஆக, பிரெஞ்சு அரசின் பாதை தஞ்சை மிராசுதாரும் குடியானவரும் காலணா கட்டிப் போட்ட பாதையில் போய்ச் சேர்ந்தது. இரண்டிலும் ஓடியதோ தென்னிந்திய ரயில்வே வண்டி. அங்கும் அதே வாரம்தான்.

இருந்தாலும் ஜில்லா போர்டுக்கும் பாண்டிச்சேரிக் கம்பெனிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புதுச்சேரியில் கிடைத்த லாபம் கடல் கடந்து போயிற்று. தஞ்சையில் கிடைத்தது அடுத்த ஊருக்குத் தண்டவாளமாக வந்தது. போர்டு உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெரிய மிராசுதாரர்கள், தங்கள் ஊர்ப் பக்கம் பாதை வரவேண்டும் என்று இழுத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் பட்டுக்கோட்டையின் தேங்காய்க்கும் மன்னார்குடியின் நெல்லுக்கும் வழி கிடைத்ததே. லண்டனில் கூடும் ஒரு பங்குதாரர் கூட்டத்தில் மன்னார்குடிக்குக் கிளை வேண்டும் என்று யார் பேசியிருப்பார்?

எல்லாம் ஒரே கையில்

1944-ல் தென்னிந்திய ரயில்வேயின் நிர்வாகத்தை அரசே எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று அதையும் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா, மைசூர் ரயில்வேக்களையும் இணைத்துத் தெற்கு ரயில்வே பிறந்தது. ஜில்லா போர்டுப் பாதைகளும் காலப்போக்கில் மத்திய அரசின் வசமாயின. புதுச்சேரி மட்டும் இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ரயிலைப் பொறுத்தவரை அன்று பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்களே தொடர்ந்து ஓட்டினார்கள். சுங்கச் சோதனை ஒழிந்தது, அதுதான் பயணிகளுக்குக் கிடைத்த பலன்.

ஒரே கையில் சேர்ந்ததால் கட்டணம் ஒரே சீராயிற்று, விபத்துப் பொறுப்புத் தெளிவாயிற்று, நஷ்டப் பாதையையும் அரசு தாங்கியது. ஆனால் தாங்குவதற்கும் ஓர் அளவு இருந்தது. 1980-களில் பேரளம்–காரைக்கால் வண்டியை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். லாரி வந்துவிட்டது, பேருந்து வந்துவிட்டது, ரயிலில் கூட்டமில்லை என்று காரணம் சொன்னார்கள். மன்னார்குடிக் கிளையும் மூடப்பட்டது. காலணா கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது ஜில்லா போர்டும் இல்லை, கேட்க வேண்டிய சட்டமும் இல்லை.

தனிக் கம்பெனியாகவே நீடித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று நினைப்பவர்கள் மகாராஷ்டிரத்தைப் பார்க்கலாம். விதர்ப்பாவில் யவத்மால்–மூர்த்திஜாபூர் குறுகிய பாதை பருத்திக்காகப் போடப்பட்டது. ஆங்கிலேயர் கம்பெனி ஒன்றின் வழியில் வந்த தனியார் உடைமையாகவே விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருந்தது. 'சகுந்தலா' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். இந்திய ரயில்வே வண்டி ஓட்டியது, உடைமை கம்பெனியிடம் இருந்தது, பாதையைச் செப்பனிடுவது யார் என்பதில் இழுபறி. கடைசியில் தண்டவாளம் தேய்ந்து வண்டியே நின்றுபோயிற்று. பருத்தி விவசாயிக்கு அந்தத் தனி உடைமையால் கிடைத்தது என்ன என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

திரும்பி வரும் தண்டவாளம்

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. விழுப்புரம்–புதுச்சேரி அகலப் பாதையாகிவிட்டது. மன்னார்குடிக்கு 2011-ல் மீண்டும் ரயில் வந்தது. அதே ஆண்டு நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் புதுப் பாதை திறந்தது. பெயர்த்தெடுத்த பேரளம்–காரைக்கால் பாதையும் அகலப் பாதையாகத் திரும்பப் போடப்பட்டிருக்கிறது. திருவாரூர்–காரைக்குடி மாற்றுப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் மூடப்பட்டு 2019-ல் முழுமையாகத் திறந்தது. கேட் கீப்பர்கள் போதாமல், வண்டியிலேயே ஆள் இறங்கிக் கேட்டை மூடித் திறந்து ஏறிப் போன காட்சியை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடலோரப் பாதை பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிப்பில் வந்தது. அது வந்தால் முதலில் சொன்ன கோணல் நேராகும். இதுவரை அது ஏட்டளவில்தான்.

பாதை திரும்பினாலும் விளைபொருள் திரும்ப ரயிலேறுமா என்பது தனிக் கேள்வி. அந்தக் காலத்தில் ஒரு வியாபாரி ஒற்றை வேகன் பிடித்து மல்லாட்டை அனுப்பலாம். இன்று சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் முழு வண்டிக் கணக்கில்தான் நடக்கிறது. நெல், உரம், நிலக்கரி, சிமென்ட் என்று மொத்தமாக ஏற்றுபவர்களுக்கே அது பொருந்தும். டெல்டாவில் நுகர்பொருள் வாணிபக் கழக நெல் அப்படித்தான் போகிறது. 2020 ஆகஸ்டில் தொடங்கிய கிசான் ரயிலில் காய்கறி, பழத்துக்கு பாதிக் கட்டணம் மானியமாகக் கிடைத்தது, சிறு சரக்கையும் ஏற்றினார்கள். அது பெரும்பாலும் மகாராஷ்டிரத்து வெங்காயம், மாதுளைக்கே பயன்பட்டது. நம் பக்கத்துச் சிறு விவசாயிக்கு இப்போதைக்குள்ள வழி, பயணிகள் வண்டியோடு போகும் பார்சல் பெட்டிதான். பூ, வெற்றிலை, மீன் அனுப்புகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். எந்த வண்டியில் பார்சல் ஏற்றுகிறார்கள், உங்கள் ஸ்டேஷனில் வண்டி எத்தனை நிமிடம் நிற்கும் என்பதை பார்சல் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் பத்து மூட்டை ஏற்ற முடியாது.

புதுப் பாதை போகும் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பழைய மீட்டர் கேஜ் காலத்தில் வயலுக்குப் போகிற இடமெல்லாம் கேட் இருந்தது. இப்போது கேட்டை எடுத்துவிட்டு அடியில் சுரங்கப்பாதை போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் தண்ணீர் தேங்கினால் சம்பா வயலுக்கு நாற்றுக்கட்டு கொண்டுபோக வழியிருக்காது. வைக்கோல் ஏற்றிய டிராக்டரும், லாரியில் வரும் அறுவடை இயந்திரமும் நுழையும் உயரம் வேண்டும். வடிகால் எங்கே விழுகிறது, உயரம் எவ்வளவு என்பதை வரைபடம் காட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு மனுக் கொடுத்தால், பதில் வர அடுத்த சம்பா ஆகிவிடும்.